கைமாறிய கோவை நிறுவனங்கள்: சாந்தி கியர்ஸ், ஆம்பியர், பிரிகால்

கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த மூன்று பொறியியல் நிறுவனங்கள் 2012-க்கும் 2024-க்கும் இடையில் ஒரே கேள்வியைச் சந்தித்தன: நிறுவனத்தை வெளியார் வாங்க வந்தால் விற்பதா, வைத்துக்கொள்வதா? பல்சக்கரங்கள் செய்யும் சாந்தி கியர்ஸ் 2012-ல் சென்னையைச் சேர்ந்த முருகப்பா குழுமத்தின் கைக்குச் சென்றது. மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஆம்பியர் 2018-ல் மும்பையைச் சேர்ந்த கிரீவ்ஸ் காட்டன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வாகனங்களின் முகப்பு அளவிகளைச் செய்யும் பிரிகால் நிறுவனத்தின் பங்குகளை 2023-ல் ஒரு போட்டி நிறுவனம் பெருமளவில் வாங்கியது. பிரிகாலை நடத்தும் குடும்பம் அதற்கு உடன்படவில்லை. வாங்கிய நிறுவனம் ஓராண்டுக்குள் பங்குகளை விற்று வெளியேறியது.

இந்த மூன்று நிகழ்வுகளின் முடிவுகளும் வேறுவேறாக அமைந்தன. விற்ற பிறகும் ஒரு தொழிற்சாலை ஊரிலேயே நின்றது. இன்னொன்றின் உற்பத்தி வேறு மாவட்டத்துக்கு நகர்ந்தது. மூன்றாவது நிறுவனம் விற்கப்படாமல் இருந்து, பின்னர் தானே வேறொரு தொழிலை வாங்கியது. விவசாய ட்ரோன் போன்ற புதிய தொழில்களில் இதே கேள்வி இன்று எழுவதால், கோவையின் அனுபவம் அந்த நகரத்துக்கு வெளியிலும் பொருள் உடையது.

பின்னணி

கோவையின் நவீனத் தொழில் வரலாறு 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததும் ஆலைகளின் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. ஆலைகளுக்கு உதிரிபாகங்களும் பழுதுபார்ப்பும் தேவைப்பட்டன. கிணற்றுப் பாசனம் செய்த கொங்கு விவசாயிகளுக்கு மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. இந்த இரு தேவைகளிலிருந்தே பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மின் மோட்டாரைத் தயாரித்தனர். இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டாராக அது குறிப்பிடப்படுகிறது.

விடுதலைக்குப் பிறகு பெரிய பொறியியல் நிறுவனங்கள் எழுந்தன. காற்றழுத்திகள் செய்யும் எல்ஜி எக்யுப்மெண்ட்ஸ் 1960-லும், நூற்பு இயந்திரங்கள் செய்யும் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-லும் தொடங்கப்பட்டன. சிறுதொழில்களின் சங்கமான கொடிசியா 1969-ல் உருவானது. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, குறிச்சி ஆகிய பகுதிகளில் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் ஆயிரக்கணக்கில் பெருகின.

இந்தத் தொழில்களின் முதலீடு பெரும்பாலும் ஊருக்குள்ளிருந்தே வந்தது. நிலத்தின் வருமானம், உறவினர் தந்த கடன், சீட்டுப் பணம், ஆலையின் லாபம், வங்கிக் கடன் ஆகியவையே மூலதனம். நிறுவனத்தின் தலைமையும் குடும்பத்துக்குள்ளேயே கைமாறியது. தந்தைக்குப் பின் மகன், பங்காளிகளுக்கு இடையே பாகப்பிரிவினை என்பதே வழக்கமான கைமாற்றம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில்கூடக் கட்டுப்பாடு குடும்பத்திடமே இருந்தது. தொழிலை வெளியூர்க்காரரிடம் விற்பது நலிவின் அடையாளமாகவே பார்க்கப்பட்டது. 2010-க்குப் பிறகு இந்த நிலை மாறத் தொடங்கியது.

சாந்தி கியர்ஸ்

சாந்தி கியர்ஸ் சிங்காநல்லூரில் அமைந்த பல்சக்கர நிறுவனம். இதை உருவாக்கியவர் பி. சுப்பிரமணியம். சிறிய அளவில் தொடங்கிய தொழில் 1972-ல் நிறுமமாகப் பதிவுபெற்றது. ஜவுளி இயந்திரங்களுக்கான பல்சக்கரங்களில் தொடங்கி, சிமெண்ட், எஃகு, சர்க்கரை போன்ற ஆலைகளுக்கான கியர் பெட்டிகள் வரை அதன் உற்பத்தி விரிந்தது.

கோவை மக்களிடம் சுப்பிரமணியத்தின் பெயர் நிலைத்தது பல்சக்கரங்களால் மட்டும் அல்ல. 1996-ல் அவர் தொடங்கிய சாந்தி சோசியல் சர்வீஸ் அமைப்பு குறைந்த விலையில் உணவு, மருந்து, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வழங்கியது. சிங்காநல்லூரில் உள்ள அதன் உணவகமும் மருந்தகமும் பெட்ரோல் பங்க்கும் நகரம் முழுவதும் அறியப்பட்டவை.

2012-ல் சுப்பிரமணியமும் அவரைச் சார்ந்தோரும் வைத்திருந்த 44.12 சதவீதப் பங்குகளை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வாங்கியது. ஒரு பங்கின் விலை 81 ரூபாய். மொத்தத் தொகை சுமார் 292 கோடி ரூபாய்.

அப்போது பங்குச் சந்தை ஒழுங்கமைப்பு வாரியமான செபியின் புதிய கையகப்படுத்தல் விதிகள் நடைமுறைக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 2011 அக்டோபரில் அமலான அந்த விதிகளின்படி, பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தில் 25 சதவீத வாக்குரிமையை எட்டுபவர் மற்ற பங்குதாரர்களிடமிருந்து மேலும் 26 சதவீதப் பங்குகளை வாங்க முன்வர வேண்டும். பெரிய பங்குதாரருக்குக் கிடைக்கும் விலை சிறு பங்குதாரருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இதன்படி டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் பொதுமக்களுக்கும் விலை அறிவித்தது. முடிவில் அதன் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டியது.

விற்பனைக்குப் பிறகும் நிறுவனத்தின் பெயர் மாறவில்லை. தனி நிறுவனமாகவே பங்குச் சந்தையில் நீடித்தது. தொழிற்சாலையும் கோவையிலேயே தொடர்ந்தது. வாங்கிய குழுமத்துக்குச் சங்கிலி, குழாய், சைக்கிள் ஆகியவற்றில் நீண்ட அனுபவம் உண்டு. பெரிய கியர் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை அதனிடம் இல்லை. அதைப் புதிதாகக் கட்டுவதைவிட இயங்கும் ஒன்றை வாங்குவது அதற்கு எளிதாக இருந்தது. சுப்பிரமணியம் 2020 டிசம்பரில் காலமானார். அவருடைய சேவை அமைப்பு தொடர்ந்து இயங்குகிறது.

ஆம்பியர்

ஆம்பியர் 2008-ல் ஹேமலதா அண்ணாமலையால் கோவையில் தொடங்கப்பட்டது. பொறியாளரான அவர் சிங்கப்பூரில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவர். இந்தியாவில் மின்சார வாகனம் என்பது பெரும்பாலும் சீனாவிலிருந்து இறக்குமதியான பாகங்களை இங்கே பூட்டி விற்பதாக இருந்த காலம் அது. ஆம்பியர் மின்சார மிதிவண்டி, மெதுவாகச் செல்லும் ஸ்கூட்டர், சுமை ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஆகியவற்றைச் செய்தது. சிறு நகரங்களும் கிராமங்களுமே அதன் முதல் சந்தை. உள்ளாட்சி அமைப்புகள் குப்பை சேகரிக்கும் மின்சார வண்டிகளை அதனிடம் வாங்கின.

தொழிலின் போக்கு அரசின் மானியத்தைப் பொறுத்தே இருந்தது. 2010 இறுதியில் மத்திய அரசு மின்சார வாகனங்களுக்கு அறிவித்த ஊக்கத்தொகை 2012 மார்ச்சில் முடிந்தது. அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் விற்பனை சரிந்து, பல சிறு நிறுவனங்கள் மூடப்பட்டன. ஆம்பியர் தாக்குப்பிடித்தது. 2015-ல் ஃபேம் என்ற புதிய ஊக்கத் திட்டம் வந்தது. அதே ஆண்டில் ரத்தன் டாடா தம் சொந்தப் பணத்தை ஆம்பியரில் முதலீடு செய்தார். இது நிறுவனத்துக்கு நாடளாவிய கவனத்தைத் தந்தது.

பெயர் கிடைத்தாலும் பணத்தேவை தீரவில்லை. தொடக்க கால வண்டிகள் ஈய அமில பேட்டரியில் ஓடின. 2019 ஏப்ரலில் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டம் லித்தியம் போன்ற மேம்பட்ட பேட்டரி கொண்ட வண்டிகளுக்கே மானியம் தந்தது. அதாவது வண்டியை மறுவடிவமைக்க வேண்டும், விலை உயர்ந்த பேட்டரிகளை முன்பணம் தந்து வாங்க வேண்டும், விற்பனையாளர் வலையை நாடு முழுவதும் விரிக்க வேண்டும். ஆலை லாபத்தையும் உறவினர் கடனையும் கொண்டு படிப்படியாக வளர்ந்த கோவையின் பழைய வழி இத்தகைய தொழிலுக்குப் போதவில்லை. பம்பு செய்பவர் முதல் ஆண்டிலிருந்தே லாபம் பார்க்க முடியும். மின்சார ஸ்கூட்டரில் பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கிய பிறகே லாபத்தைப் பற்றிப் பேச முடியும்.

2018-ல் கிரீவ்ஸ் காட்டன் சுமார் 77 கோடி ரூபாய்க்கு ஆம்பியரின் 67 சதவீதப் பங்கை வாங்கியது. மீதியையும் பின்னர் படிப்படியாக வாங்கியது. கிரீவ்ஸ் 1859-ல் தொடங்கிய பழைய நிறுவனம். மூன்று சக்கர வண்டிகளுக்கான சிறிய டீசல் என்ஜின்களே அதன் முக்கிய வருமானம். கடுமையாகி வந்த புகை விதிகளாலும் மின்சார ஆட்டோக்களின் வரவாலும் அந்த வருமானத்தின் எதிர்காலம் ஐயத்துக்கு உள்ளானது. ஆம்பியருக்குப் பணம் வேண்டியிருந்தது. கிரீவ்ஸுக்கு என்ஜினுக்கு மாற்றாக ஒரு தொழில் வேண்டியிருந்தது.

2021 பிப்ரவரியில் கிரீவ்ஸ் ராணிப்பேட்டையில் 700 கோடி ரூபாய் முதலீட்டில் மின்சார வாகனத் தொழிற்சாலை அமைக்கப்போவதாக அறிவித்தது. சுமார் 35 ஏக்கரில் அமைந்த அந்த ஆலை அதே ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. ஆம்பியர் ஸ்கூட்டர் உற்பத்தியின் மையம் கோவையிலிருந்து ராணிப்பேட்டைக்கு நகர்ந்தது. நிறுவனத்தின் பெயர் கிரீவ்ஸ் எலக்ட்ரிக் மொபிலிட்டி ஆனது. ஆம்பியர் என்பது வண்டியின் பெயராக மட்டும் நீடித்தது. நிறுவனர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். 2022-ல் சவூதி அரேபியாவின் அப்துல் லதீப் ஜமீல் குழுமம் இந்த நிறுவனத்தில் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கிரீவ்ஸ் முதல் தவணையாகத் தந்த தொகையைப் போல இது பல மடங்கு.

பெரிய முதலாளியின் கைக்குச் சென்றதால் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. உள்நாட்டுப் பாகங்களையே பயன்படுத்த வேண்டும் என்ற ஃபேம் விதி மீறப்பட்டதா என்று மத்திய அரசு பல நிறுவனங்களை விசாரித்தது. கிரீவ்ஸ் எலக்ட்ரிக் நிறுவனமும் அந்த விசாரணைக்கு உள்ளானது. 2023 ஜூனில் ஸ்கூட்டர்களுக்கான மானிய உச்சவரம்பு விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா, ஓசூரில் ஏதர், டிவிஎஸ் என்று பெரிய போட்டியாளர்களும் எழுந்திருந்தனர். சிறு நிறுவனமாகத் தனித்து நின்றிருந்தால் ஆம்பியர் இந்த அலைகளைத் தாண்டியிருப்பது கடினம். இது விற்பனைக்குச் சாதகமான வலுவான வாதம்.

பிரிகால்

பிரிகால் 1970-களின் நடுப்பகுதியில் பிரிமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. அதன் முதல் ஆலை மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்தது. வேகம், எரிபொருள் அளவு, ஓடிய தூரம் ஆகியவற்றைக் காட்டும் முகப்பு அளவிகளே அதன் முதன்மைப் பொருள். இந்தியாவில் ஓடும் இரு சக்கர வாகனங்களில் பெரும் பகுதிக்கு இந்த அளவிகள் கோவையிலிருந்து சென்றன. நிறுவனர் விஜய் மோகனுக்குப் பின் அவருடைய மனைவி வனிதா மோகன் தலைவராகவும் மகன் விக்ரம் மோகன் மேலாண் இயக்குநராகவும் பொறுப்பேற்றனர். நொய்யல் ஆற்றையும் கோவையின் குளங்களையும் மீட்கப் பாடுபடும் சிறுதுளி அமைப்பிலும் வனிதா மோகன் முன்னணியில் இருப்பவர்.

உள்ளூர் முதலாளி என்பதாலேயே தொழிலாளருடனான உறவு இணக்கமாக இருந்துவிடவில்லை. தொழிற்சங்க அங்கீகாரம் கோரி 2007 முதல் நீண்ட போராட்டம் நடந்தது. 2009 செப்டம்பரில் ஆலைக்குள் நடந்த தாக்குதலில் மனிதவளத் துறை உயர் அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். அந்த வழக்கு பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. கோவையின் தொழில் வரலாற்றில் இது ஒரு துயரமான அத்தியாயம்.

2010-களில் பிரிகால் வெளிநாட்டு நிறுவனங்களை வாங்கியது. முதலில் பிரேசிலிலும், பின்னர் கண்ணாடித் துடைப்பான் தொழில் வழியாகச் செக் குடியரசு, மெக்சிகோ ஆகிய நாடுகளிலும் நுழைந்தது. இவை நட்டத்தில் முடிந்தன. 2020 வாக்கில் அந்தத் தொழில்களிலிருந்து வெளியேறிய பிரிகால், ஆண்டு இறுதியில் ஒரு பங்கு 30 ரூபாய் என்ற விலையில் உரிமைப் பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முகப்புத் திரைகள் முள்ளிலிருந்து மின்னணுத் திரைக்கு மாறியதால் ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கிடைக்கும் வருமானம் கூடியது. பங்கின் விலையும் ஏறியது. ஆனால் நிறுவனத்தை நடத்தும் குடும்பத்தின் பங்கு 36 சதவீத அளவிலேயே இருந்தது. மீதி சந்தையில் சிதறிக் கிடந்தது.

2023 பிப்ரவரியில் மிண்டா கார்ப்பரேஷன் திறந்த சந்தையில் பிரிகாலின் 15.7 சதவீதப் பங்குகளைச் சுமார் 400 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வாகனப் பூட்டு, சாவி, மின்கம்பித் தொகுப்பு ஆகியவற்றோடு முகப்பு அளவிகளையும் செய்யும் நிறுவனம் மிண்டா. எனவே இது நேரடிப் போட்டியாளர் ஒருவரின் வருகை. தன் பங்கை 24.5 சதவீதம் வரை உயர்த்த இந்தியப் போட்டி ஆணையத்திடம் மிண்டா அனுமதி கோரியது.

24.5 என்ற எண்ணுக்குப் பொருள் உண்டு. 25 சதவீதத்தை எட்டினால் செபி விதிப்படி மற்றவர்களிடமிருந்து மேலும் 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும். அதற்குப் பெரும் தொகை தேவை. 25-க்குச் சற்றுக் கீழே நின்றால் அந்தச் செலவு இல்லை. அதே நேரத்தில் நிறுவனச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75 சதவீத வாக்குகள் வேண்டும். எல்லாப் பங்குதாரர்களும் வாக்களிப்பதில்லை. ஆகவே 24.5 சதவீதம் வைத்திருப்பவர் நடைமுறையில் அத்தகைய தீர்மானங்களைத் தடுக்க முடியும். நிறுவனத்தை வாங்காமலேயே அதன் கையைக் கட்டிவிட முடியும்.

பிரிகாலின் குடும்பம் பங்குகளை விற்கும் எண்ணம் இல்லை என்பதில் உறுதியாக இருந்தது. ஒரே பொருளைச் செய்யும் போட்டியாளர் பெரிய பங்குதாரராக அமர்வது வாடிக்கையாளரான வாகன நிறுவனங்களுக்கும் நெருடலான நிலை. அவை தம் புதிய வண்டிகளின் வடிவமைப்பை முகப்பு அளவி செய்பவரிடம் முன்கூட்டியே பகிர வேண்டியிருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் ஒரே பிடிக்குள் வந்தால் விலை பேச அவற்றுக்கு ஒரு கதவு குறையும்.

2024 ஜனவரியில் மிண்டா தன்னிடமிருந்த 15.7 சதவீதப் பங்குகளையும் சந்தையில் விற்று வெளியேறியது. விற்பனைத் தொகை சுமார் 650 கோடி ரூபாய்க்கு மேல். பிரிகாலை வாங்க முடியவில்லை என்றாலும் ஓராண்டுக்குள் மிண்டாவுக்கு நல்ல லாபம் கிடைத்தது. 2024 டிசம்பரில் பிரிகால் தன் துணை நிறுவனம் வழியாக டிவிஎஸ் மோட்டாரின் துணை நிறுவனமான சுந்தரம் ஆட்டோ காம்பொனென்ட்ஸின் பிளாஸ்டிக் வார்ப்புப் பிரிவைச் சுமார் 215 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது.

மூன்று முடிவுகளின் ஒப்பீடு

மூன்று நிகழ்வுகளிலும் விற்ற காரணமும் வாங்கிய காரணமும் வேறுபடுகின்றன. சாந்தி கியர்ஸில் நிறுவனர் தாமே விரும்பி, லாபத்தில் இயங்கிய தொழிலைக் கைமாற்றினார். ஆம்பியரில் அடுத்த கட்டத்துக்கான மூலதனத் தேவையே விற்பனைக்கு வழிவகுத்தது. பிரிகாலில் விற்க யாரும் முன்வரவில்லை. சந்தையில் சிதறிய பங்குகளே போட்டியாளருக்கு வழிவிட்டன.

ஆனால் கைமாற்றத்துக்குப் பிறகு ஊருக்கு என்ன மிஞ்சியது என்பதை விலையோ காரணமோ மட்டும் தீர்மானிக்கவில்லை. பொருள் எதனால் ஆனது என்பதும் தீர்மானித்தது. பெரிய கியர் பெட்டிக்கு வார்ப்பு வேண்டும், பல் வெட்டும் கனரக இயந்திரம் வேண்டும், வெப்பப் பதம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். இவை சிங்காநல்லூரிலும் அதைச் சுற்றிய பவுண்டரிகளிலும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தவை. தொழிற்சாலையைப் பெயர்த்தால் வாங்கியவர் பணம் கொடுத்து வாங்கிய பொருளே கையைவிட்டுப் போய்விடும். எனவே முதலாளி மாறியும் ஆலை அசையவில்லை.

ஸ்கூட்டரின் நிலை வேறு. அதன் விலையில் பெரும் பகுதி பேட்டரி. பேட்டரியின் செல்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. மீதியுள்ள பாகங்களையும் எங்கிருந்தும் வரவழைத்து எங்கும் பூட்டலாம். சென்னை, பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் அருகில் உள்ள ராணிப்பேட்டை பெரிய அளவில் பூட்டுவதற்கு வசதியான இடம். கோவையில் ஆம்பியர் பத்து ஆண்டுகள் இயங்கியும், அதை ஊருடன் பிணைக்கும் பாகத் தொழில்கள் போதிய ஆழத்தில் வேரூன்றவில்லை. அதனால் முதலாளி மாறியதும் உற்பத்தி நகர முடிந்தது.

பிரிகால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் பலம் ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்த வடிவமைப்புத் திறனும் வாகன நிறுவனங்களுடனான உறவும். அவற்றைக் காப்பாற்ற அதனிடம் லாபமும் ஓரளவு குடும்பப் பங்கும் இருந்தன. அந்நிய முதலீடுகளின் நட்டம் தொடர்ந்த காலத்தில் இதே முயற்சி நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

விற்பதை இழப்பாக மட்டும் பார்ப்பதும் முழுமையான பார்வை ஆகாது. கோவை நிறுவனங்களும் வெளியூர்களில் வாங்குகின்றன. எல்ஜி எக்யுப்மெண்ட்ஸ் 2012-ல் இத்தாலியின் ரோட்டேர் நிறுவனத்தை வாங்கியது. சாந்தி கியர்ஸ் விற்கப்பட்ட அதே ஆண்டு அது. ரோட்டேர் இருந்த இத்தாலிய ஊரில் எழுந்த கேள்வியும் சிங்காநல்லூரில் எழுந்த கேள்வியும் வேறல்ல.

ட்ரோன் தொழிலும் அதே கேள்வியும்

கொங்கு நாட்டில் இந்தக் கேள்வி அடுத்து எழக்கூடிய துறை ட்ரோன். விவசாயக் கூலி ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிட்ட மக்காச்சோளம், கரும்பு, நெல் வயல்களில் மருந்து தெளிக்க ட்ரோன்கள் வாடகைக்கு வருகின்றன. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதில் ஆய்வும் பயிற்சியும் நடத்துகிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. பாதுகாப்புத் துறைக்கான புதுத்தொழில்களை வளர்க்கும் மையம் ஒன்றைக் கொடிசியா நடத்துகிறது.

உலக நுகர்வோர் ட்ரோன் சந்தையில் சீனாவின் ஷென்சென் நகரில் 2006-ல் தொடங்கிய டிஜேஐ முன்னணியில் உள்ளது. இந்தியா 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகளை எளிதாக்கியது. 2022 பிப்ரவரியில், ஆய்வு, பாதுகாப்பு போன்ற தேவைகள் நீங்கலாக, முழு வடிவிலான வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. உதிரிபாகங்களின் இறக்குமதிக்குத் தடை இல்லை. 2023 நவம்பரில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு 1,261 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இவற்றால் உள்நாட்டு ட்ரோன் நிறுவனங்களுக்குச் சந்தை திறந்தது. பெரிய நிறுவனங்களின் பார்வையும் அவற்றின்மேல் விழுந்தது.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் தக்ஷா. சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் உருவான மாணவர், ஆய்வாளர் குழுவே அதன் வேர். நடிகர் அஜித்குமார் 2018-ல் அந்தக் குழுவின் ஆலோசகராக இருந்ததால் பெயர் பரவலாக அறியப்பட்டது. உர நிறுவனமான கோரமண்டல் இண்டர்நேஷனல் 2023-ல் தக்ஷா நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. கோரமண்டலும், சாந்தி கியர்ஸை வாங்கிய டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் ஒரே முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தவை. உரமும் பூச்சிமருந்தும் விற்கும் நிறுவனத்துக்கு அவற்றைத் தெளிக்கும் கருவியும் கைவசம் இருப்பது பலன் தரும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்த சிறு நிறுவனத்துக்கோ, உர விற்பனை வழியாக விவசாயிகளை அடையும் வாய்ப்பும் முதலீடும் ஒரே நேரத்தில் கிடைத்தன.

கோவையின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், ட்ரோன் கியர் பெட்டியைவிட ஸ்கூட்டருக்கே நெருக்கமானது. பேட்டரி செல், பறத்தலைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை, கேமரா ஆகியவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. பூட்டும் வேலையை எந்த ஊருக்கும் மாற்றலாம். ஆகவே கொங்குப் பகுதியில் ஒரு ட்ரோன் நிறுவனம் வளர்ந்து, அதை வாங்கப் பெரிய நிறுவனம் முன்வந்தால், விலையோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். அதன் மோட்டாரை யார் சுற்றுகிறார்கள், உலோகப் பாகங்களை எந்தப் பட்டறை கடைகிறது, மென்பொருளை யார் எழுதுகிறார்கள் என்பதே அது. 1937 முதல் மின் மோட்டார் சுற்றி வரும் நகரத்தில் இவற்றில் சில உள்ளூரிலேயே செய்யக்கூடியவை. அவை இங்கே நிலைபெற்ற பிறகு நடக்கும் விற்பனை சாந்தி கியர்ஸின் வழியில் செல்ல வாய்ப்பு அதிகம். அதற்கு முன் நடந்தால் ஆம்பியரின் வழியில் செல்லவே வாய்ப்பு அதிகம்.